ஈ.சி.ஜி. வகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பயிற்சி மருத்துவர்களுக்கு ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்துடிப்பைக் காகிதத்தில் பதியும் சோதனை) படிக்கக் கற்றுத்தரும் வகுப்பு சென்ற வாரம் நிறைவடைந்தது. பொன்னாடையை எனக்குப் போர்த்திவிட்டார்கள். அது யார் யாருக்குச் சேர வேண்டும் என்று சொல்லிவிடுவது என் கடமை.

முதலில் எங்கள் ஈ.சி.ஜி. டெக்னீஷியன் அக்கா. மார்பில் ஒட்டும் வி1, வி2 மின்முனைகள் இரண்டும் நான்காம் விலா இடைவெளியில்தான் இருக்க வேண்டும், அவசரத்தில் மேலே ஏற்றி ஒட்டினால் வராத மாரடைப்பு வந்துபோனதுபோல் காகிதம் காட்டும் என்பதை அவர்போல் அழுத்திச் சொல்ல எனக்கு வராது. ஒருநாள் ஒரு பயிற்சி மருத்துவரையே படுக்கவைத்து, இரு கை வயர்களையும் இடம் மாற்றி மாட்டி, ஈ.சி.ஜி. எடுத்து நீட்டினார். முதல் லீட் (இதயத்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கும் பதிவு) தலைகீழ். வழக்கமாகத் தலைகீழாக இருக்கும் ஏவிஆர் லீட் நிமிர்ந்து நின்றது. இதயம் வலப்பக்கம் இருக்கிறது என்று பாதி வகுப்பு சத்தியம் செய்தது. மார்பு லீட்களில் ஆர் அலை, அதாவது மேல்நோக்கிய கூர்முனை, வழக்கம்போல் வளர்ந்துகொண்டே போகிறதே, இதயம் வலப்பக்கம் இருந்தால் அது சிறுத்தல்லவா போகும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அக்கா சிரித்துவிட்டார். என் பாடங்களில் எதுவும் இந்த அளவுக்குப் பதிந்திருக்காது.

ஓய்வுபெற்ற எங்கள் பேராசிரியர் ஐயாவுக்கு நன்றி. இயந்திரம் மேலே அச்சிடும் முடிவை மடித்து மறைத்துவிட்டுத்தான் காகிதத்தைக் கையில் கொடுப்பார். நோயாளியின் வயதும் தொந்தரவும் சொல்லாமல் யாரும் வாய் திறக்க முடியாது.

அவசரப் பிரிவு சிஸ்டர்களுக்கு. இதயத்தின் அடிப்பகுதியைக் காட்டும் இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீட்களில் எஸ்டி பகுதி உயர்ந்து மாரடைப்பைக் காட்டினால், நாக்கடியில் நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரை வைப்பதற்கு முன் "வலப்பக்க லீடும் எடுத்துவிடலாமா டாக்டர்?" என்று கேட்பவர்கள் இவர்கள். இதயத்தின் வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருந்தால் அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தை அதலபாதாளத்துக்குத் தள்ளிவிடக்கூடும். கேள்வி பணிவாகத்தான் வரும். கேட்கப்பட்டவர் மறக்கமாட்டார்.

நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான படங்களுக்கும் பொறுமையாகப் பதில் எழுதிய இதயநோய் மருத்துவ நண்பர்களுக்கு. ஈ.சி.ஜி.யின் தந்தை ஐந்தோவன் 1905-இல் நெதர்லாந்தின் லெய்டன் மருத்துவமனை நோயாளிகளின் இதயத் துடிப்பை ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே வரவழைத்தார். நீங்கள் அந்த வழியில் வந்தவர்கள்தான். அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்களுக்குக் கிடைத்தது தூக்கக்கேடு.

மருத்துவமனை வாசல் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஈ.சி.ஜி. காகிதம் வெப்பத்தில் அச்சாவது. நாளாக நாளாக வெளுத்துவிடும். பாதுகாக்கலாம் என்று லேமினேஷன் செய்தாலோ சூட்டில் கறுத்துப்போகும். படியெடுத்து, அந்தப் படியை மட்டும் லேமினேட் செய்து தந்தார்.

எல்லோரையும்விட, தங்கள் ஈ.சி.ஜி.யைப் பாடத்துக்குத் தரச் சம்மதித்த நோயாளிகளுக்கு. அதிலும் மஞ்சள் பையில் பழைய சீட்டுகளையெல்லாம் சேர்த்துவைத்திருந்து எடுத்துக் காட்டினார்களே, அவர்களுக்கு. ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் வரும் டி அலை தலைகீழாக நிற்பது இன்றைக்கு வந்ததா, ஆண்டுக்கணக்கில் அப்படியேதானா என்பதை எந்த நூலும் சொல்லாது. அந்தப் பை சொல்லும்.

சேர்ந்த படிகள் அனைத்தும் மருத்துவ வார்டு அலமாரியில் இருக்கின்றன. சாவி வார்டு சிஸ்டரிடம். புதிதாகத் தருபவர்கள் நோயாளியின் சம்மதம் பெற்று, பெயரையும் உள்நோயாளி எண்ணையும் மறைத்துவிட்டு, வயதையும் வலி தொடங்கிய நேரத்தையும் பின்பக்கம் எழுதித் தாருங்கள்.

நன்றியுடன்,
பொது மருத்துவப் பிரிவிலிருந்து