பந்தைப் பிடுங்க மாட்டாளாம்

அன்புள்ள செல்வா,

பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. சர்க்கரை அடங்கி இருக்கிறது, முழங்கால்தான் அடங்க மாட்டேன் என்கிறது. சரோஜா சௌக்கியம். ஜோசப் அண்ணன் இன்னும் அந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பால் வாங்கப் போகிறார்.

சொல்ல வந்தது வேறு. பேத்தி மித்ராவைக் கால்பந்தில் சேர்த்துவிட்டார்கள்! வருகிற ஆகஸ்ட்டில்தான் 5 வயது முடிகிறது. இங்கே பெங்களூரில் இந்திராநகர் பக்கம் ஒரு மொட்டை மாடியில் பச்சை விரிப்புப் போட்டு டர்ஃப் என்கிறார்கள். நாம் கௌதமபுரம் செம்மண்ணில் வெறுங்காலோடு விழுந்து எழுந்தவர்கள். இதுகளுக்கு முழங்கால் வரை சாக்ஸ், உள்ளே ஷின் கார்டு. பந்து மூன்றாம் நம்பர். பக்கத்துக்கு நாலு பேர், கோல் கீப்பர் கிடையாது. இந்தக் காலத்தில் பிறந்திருந்தால் உனக்கு டீமிலேயே இடம் இருந்திருக்காது.

ஆட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பந்து எங்கே போகிறதோ அங்கே எல்லோரும் வெல்லத்தை ஈ மொய்க்கிற மாதிரி போகிறார்கள். நம் பெண் மட்டும் மொய்க்கவில்லை. ஒரு பையன் பந்தைத் தள்ளிக்கொண்டு நேராக இவளிடமே வருகிறான். காலை நீட்டினால் போதும். இவள் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்து, அவனுக்கு வழி விடுகிறாள். கோச் ஓடி வந்து, "எடும்மா, பந்தை எடு" என்கிறான். "அது அவனோட பால். அவன் விளையாடி முடிச்சதும் எனக்குத் தருவான்" என்று பதில் வருகிறது. பள்ளிக்கூடத்தில் பிடுங்காதே, வரிசையில் நில், உன் முறை வரும் வரை பொறு என்று ஒரு வருஷமாகப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ரிப்போர்ட் கார்டில் அதற்கு நட்சத்திரம் வேறு. என் மகன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ராத்திரி வீட்டில் பட்டிமன்றம். மருமகள் போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள், அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் சி.டி.சி. போட்டது, எந்த வயதில் குழந்தைக்கு என்ன வர வேண்டும் என்று. 4 வயதில் பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடிக்க வேண்டும், பென்சிலை விரல்களால் பிடிக்க வேண்டும். 5 வயதில் ஒற்றைக் காலில் குதிக்க வேண்டும், மற்ற பிள்ளைகளோடு விளையாடும்போது முறை பார்த்தோ விதிப்படியோ ஆட வேண்டும். "முறை பார்க்கிறாள் இல்லையா, அப்புறம் என்ன?" என்கிறாள் அவள். "இப்படியே முறை பார்த்தால் பந்து எப்போது கிடைக்கும்?" என்கிறான் அவன். ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1-க்குள் 6 முடிந்திருக்க வேண்டும் என்ற விதியால், 2 மாத வித்தியாசத்தில் ஒரு வருஷம் போயிற்றே என்ற பழைய புலம்பலும் கூடவே. போனால் போகட்டும், ஒரு வருஷம் கூடுதலாக ஓடி விளையாடட்டும் என்றேன். யார் காதிலும் விழவில்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை செல்வா. நமக்கு இந்தச் சிக்கலே இருந்ததில்லை. பந்து பொன்னுவுடையது; அவனுக்குக் கோபம் வந்தால் ஆட்டம் முடிந்தது. பிடுங்குவதைத்தான் முதலில் கற்றோம். விட்டுக்கொடுக்கக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது, உனக்கு அப்போதும் வரவில்லை. இவளுக்கு மரியாதை முதலில் வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டுக்குள் அதில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம் என்று ஒரு குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் நடந்தது. அன்றைக்கு ஒரு தகப்பன் வலைக்கு வெளியே நின்று மகனை "வேஸ்ட், வேஸ்ட்" என்று கத்திக்கொண்டே இருந்தான். பையன் அரை டிராயரிலேயே மூத்திரம் போய்விட்டான். கோச் சின்னப் பையன்தான், ஆஸ்டின் டவுன்காரன். ஒரு வார்த்தை பேசாமல் துண்டைச் சுற்றி அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனான். எனக்கு கோல் போஸ்ட் பின்னால் பெல்ட்டோடு நிற்கிற உன் அப்பா ஞாபகம் வந்தார். அதைப் பற்றி நாம் ஒரு நாளும் பேசியதில்லை. இப்போதும் நீ பேச வேண்டாம். வந்தது, எழுதிவிட்டேன்.

மறுநாள் அவளைக் கௌதமபுரத்துக்குக் கூட்டிப்போய்ப் பெலே சிலையைக் காட்டினேன். நம் பெங்களூர் சாரங்கபாணி ராமன் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராகக் கோல் போட்ட கதையையும் சொன்னேன். நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலில் ஆடினார்கள் என்றதும் தன் ஷூவைக் கழற்றிப் பார்த்தாள். "பிரான்ஸ் அழுதாங்களா?" இல்லை, 2-1 என்று அவர்கள்தான் ஜெயித்தார்கள் என்றேன். "அப்போ ரெண்டு பேருக்கும் கோல்" என்று திருப்தியாகத் தலையாட்டினாள். அந்த ஆட்டத்தில் நம் ஆட்கள் தவறவிட்ட இரண்டு பெனால்டி பற்றிச் சொல்லவில்லை. அந்தச் சண்டையை நீயும் நானுமே இன்னும் முடிக்கவில்லை.

சரி, அந்தச் சூட்டோடு, "கோட்டுக்குள்ளே பந்து எல்லோருக்கும் சொந்தம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கோட்டுக்குள்ளே நான் என் பொம்மையை வெச்சா?" என்று கேட்டாள். நாற்பது வருஷம் கோர்ட்டில் குப்பை கொட்டியவன் நீதான். சனிக்கிழமை அடுத்த வகுப்பு, அதற்குள் பதில் எழுது. போன் வேண்டாம், நீ கத்துவது தெருவுக்கே கேட்கிறது.

உன்
கோபால்