நார்த்தாமலைப் பயணம்: ஞாயிறு மாலை

வணக்கம் நண்பர்களே,

ஞாயிறு மாலை 3 மணிக்குப் புதுக்கோட்டை அருகே உள்ள நார்த்தாமலை அடிவாரத்தில் கூடுவோம். அங்கே நாம் பார்க்கப்போகும் விஜயாலய சோழீச்சரம் மேற்கு பார்த்த சிவன் கோயில், அதனால்தான் மாலை நேரம். வெயில் சாயும்போது வாசல் துவாரபாலகர்களைப் பாருங்கள், அந்த அழகே தனி!

வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகலான சுற்றுப்பாதை. மேலே சிகரமும் வட்டம்தான். பெயரில் சோழர் இருந்தாலும், கட்டியவர் முத்தரையர் குலத் தலைவர் சாத்தன் பூதி. மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்தார் என்று துவாரபாலகருக்குக் கீழே உள்ள கல்வெட்டே சொல்கிறது. எனக்கு இந்தக் கோயிலில் மிகப் பிடித்தது அந்தச் சில வரிகள்தான்.

எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புக்கட்டி, மாவு தேய்க்காதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே போதும். கல்லில் எண்ணெய், குங்குமம் வேண்டாம். எண்ணெய் பட்ட இடத்தில் தூசி அப்பிக்கொண்டால் எழுத்து தூர்ந்துவிடும். சுற்றியுள்ள சிற்றாலயங்களின் மேல் ஏறிப் படம் எடுக்கவும் கூடாது.

அப்புறம், தண்ணீரைக் கையோடு கொண்டு வாருங்கள். பாறையில் ஏற வேண்டும், நல்ல செருப்பு அவசியம். வருபவர்கள் வெள்ளிக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள்.