பாக்கெட்டில் கை விட்டது கெத்துக்காக இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு நீங்கள் வெளியிட்ட ஒற்றைக் கைத் துப்பாக்கி சுடுதல் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையாக, இரண்டாவது தடவை எரிச்சலோடு. இருபது வருடத்துக்கு மேலாக பிஸ்டல் சுடுகிறேன். சொல்லிக்கொள்ளும்படி பதக்கம் எதுவும் வாங்கியதில்லை, ஆனால் செய்யக்கூடிய தப்பை எல்லாம் செய்து பார்த்தவன், அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகேச் ஒரு கையை பாக்கெட்டில் விட்டபடி சுட்டு, கலப்பு அணிப் பிரிவில் வெள்ளி வாங்கியதை 'கெத்து' என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். சரி, பார்க்க கெத்தாகத்தான் இருந்தது, 51 வயது மனிதர், சாதாரண மூக்குக் கண்ணாடி, காதில் சின்ன அடைப்பான், அவ்வளவுதான். ஆனால் அத்தோடு விடாமல், இப்படிப் பழகியவர் ஆபத்து வந்தாலும் இதே மாதிரி நின்று தன்னைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று கட்டுரையை முடித்துவிட்டார். முதல் விஷயம் பாதித் தப்பு. இரண்டாவது முழுத் தப்பு.

பாக்கெட் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும், அது விதி. மணிக்கட்டுக்கு எந்த முட்டும் கூடாது, சுடுகிற கையில் வாட்ச்கூடக் கட்டக் கூடாது, கணுக்கால் எலும்பை மூடுகிற ஷூவுக்குக்கூட அனுமதி இல்லை. அப்படியிருக்க சும்மா இருக்கிற இன்னொரு கையை என்ன செய்வது? ஒரு கை என்றால் மூன்று நான்கு கிலோ எடை, அது தோளிலிருந்து தளர்வாகத் தொங்கினால் நீங்கள் மூச்சு விடும்போதெல்லாம் கொஞ்சம் ஆடும், அந்த ஆட்டம் முதுகு வழியாக அடுத்த தோளுக்குப் போய் துப்பாக்கி முனையில் தெரியும். அதனால்தான் சிலர் பாக்கெட்டில் விடுகிறார்கள், சிலர் கட்டைவிரலை பெல்ட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். அதே பாரிஸில் பெண்கள் ஏர் பிஸ்டலில் (காற்றழுத்தத்தால் குண்டைத் தள்ளுகிற துப்பாக்கி) வெள்ளி வாங்கிய கொரியாவின் கிம் யெ-ஜியின் கையும் பாக்கெட்டில்தான் இருந்தது. வரிசையாக நிற்பவர்களைப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நிற்பார்கள். டிகேச்சிடம் நிஜமாகவே வித்தியாசமாக இருந்தது, கண்ணை மறைக்கும் மறைப்பு எதுவும் இல்லாமல் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுட்டதுதான். அதைப் பற்றி கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இப்போது 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு வருவோம், ஒற்றைக் கைக் கலையின் முழு ருசியும் அதில்தான் இருக்கிறது. பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பட்டன் அளவு. அதை 10 மீட்டர் தூரத்திலிருந்து, கையை நீட்டிக்கொண்டு, ஒரு கிலோ எடையை வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, கை ஆடாமல் இருக்க என்ன செய்வது என்பதுதான். பதில், எதுவும் செய்ய முடியாது. உலக சாம்பியனுக்கும் கை ஆடும். ஆட்டம் சிறியது, அவ்வளவே வித்தியாசம்.

ஆனால் அந்த ஆட்டம் நாம் நினைக்கிற அளவுக்குக் கெடுதல் செய்வதில்லை. மொத்தக் கையும் அப்படியே 5 மில்லிமீட்டர் பக்கத்தில் நகர்ந்தால் குண்டும் டார்கெட்டில் 5 மில்லிமீட்டர்தான் நகரும், அதாவது அது இன்னும் பத்துதான், ஏனென்றால் குண்டின் ஓரம் கோட்டைத் தொட்டாலே மேல் மதிப்பெண் கிடைத்துவிடும். அதற்கு பதிலாக மணிக்கட்டு மடங்கி, முன்குறி (குழல் முனையில் நிற்கிற சின்னக் கட்டை) பின்குறிப் பள்ளத்தின் (துப்பாக்கியின் பின்பக்கம் இருக்கிற வெட்டு) நடுவிலிருந்து வெறும் 1 மில்லிமீட்டர் விலகினால்? இரண்டு குறிகளுக்கும் நடுவே சுமார் 33 சென்டிமீட்டர் இருக்கிறது, டார்கெட் 10 மீட்டரில் இருக்கிறது, கணக்குப் போட்டால் அந்த 1 மில்லிமீட்டர் டார்கெட்டில் 30 மில்லிமீட்டராக விரியும். பத்து ஆறோ ஏழோ ஆகிவிடும். இதை எனக்கு ஒரு வயதான பயிற்சியாளர் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார், அதுவரை நான் டார்கெட்டின் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து கண் முன்குறியின் மேல்விளிம்பிலேயே நிற்கிறது, வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும். வட்டத்துக்குக் கீழே இருக்கிற வெள்ளைப் பரப்பில் எங்காவது நிறுத்தி, குறி இரண்டும் ஒரு கோட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

நிற்கிற விதமும் அப்படித்தான், போஸ் கொடுக்கிற வேலை அதில் இல்லை. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கண்ணை மூடிக் கையைத் தூக்குங்கள். கண்ணைத் திறந்தால் துப்பாக்கி டார்கெட்டுக்கு இடது பக்கமோ வலது பக்கமோ போயிருக்கும். அப்போது கையை இழுத்து நேராக்கக் கூடாது, பின்னங்காலை ஒரு விரற்கடை நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். நான் இதற்கே சில நாள் பத்து நிமிடம் எடுப்பேன், பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள்.

அப்புறம் டிரிக்கர். ஏர் பிஸ்டலில் டிரிக்கர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும், அதற்குக் குறைந்தால் சோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள். விரலின் முதல் பொருத்தில் உள்ள சதையால், நேராகப் பின்னால், முன்குறி அசையாமல் அழுத்த வேண்டும். பத்து கண்ணுக்குத் தெரிந்த நொடியில் சட்டென்று பிடுங்குகிறார்களே, அதுதான் எல்லாருக்கும் வருகிற வியாதி, எனக்கு இன்னும் முழுசாகக் குணமாகவில்லை. குண்டில்லாமல் வீட்டில் வெற்றுச் சுவரைப் பார்த்துச் செய்கிற பயிற்சிதான் இதற்கு மருந்து, அதுவும் துப்பாக்கியின் குண்டறை காலி என்று இரண்டு முறை பார்த்த பிறகு, குண்டுப் பெட்டி வேறு அறையில் இருக்கும்போது மட்டும். என் பயிற்சியாளர் குழல் மேல் ஒரு சின்ன நாணயத்தை வைத்து, அது விழாமல் ஐம்பது தடவை டிரிக்கரை அழுத்தச் சொல்வார். முதல் நாள் நாணயம் நாற்பது தடவை விழுந்தது. குனிந்து பொறுக்கியதில் முதுகுதான் வலித்தது, கை வலிக்கவே இல்லை.

எட்டு பத்து நொடிக்குள் சுட முடியவில்லை என்றால் கையை இறக்கிவிட வேண்டும். 60 குண்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது, அவசரம் எதற்கு? 25 மீட்டர் பிஸ்டலில்தான் அந்தச் சொகுசு கிடையாது, வேகச் சுற்றில் தாழ்த்திய கையைத் தூக்கி ஒரு குண்டு சுட 3 நொடிதான். பாரிஸில் கிம் யெ-ஜிக்கே ஒரு குண்டு நேரம் தாண்டிப்போய் பூஜ்ஜியம் விழுந்தது, இறுதிச் சுற்றுக்குள் வர முடியாமல் போனார்.

தற்காப்பு விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் கட்டுரை வழி தவறுகிறது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் ஜாக் வீவர் என்ற போலீஸ்காரர், ஜெஃப் கூப்பர் நடத்திய போட்டிகளில் பிஸ்டலை இரண்டு கையாலும் பிடித்து, கண் மட்டத்துக்குத் தூக்கிச் சுட்டு ஜெயிக்க ஆரம்பித்தார். அதுவரை பெரும்பாலும் இடுப்பு மட்டத்திலோ ஒற்றைக் கையை நீட்டியோதான் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க நடைமுறைப் பயிற்சி இரண்டு கைக்கு மாறிவிட்டது. ஆக, தற்காப்பில் ஒற்றைக் கை என்பது யாரும் விரும்பி எடுக்கிற வழி இல்லை. ஒரு கையில் குழந்தை இருக்கும், இல்லையென்றால் கதவைப் பிடித்திருப்பீர்கள், டார்ச் இருக்கும், அல்லது அந்தக் கையில் அடிபட்டிருக்கும். வேறு வழி இல்லாதபோது வருகிற வேலை அது. அதற்கும் முன்னால் அந்த இடத்தைவிட்டு ஓட முடியுமா என்று பார்ப்பதுதான் எந்தப் பயிற்சியாளரும் சொல்கிற முதல் பாடம், அதுவும் கட்டுரையில் இல்லை.

நான் வருடக்கணக்கில் ஏர் பிஸ்டல் சுட்டுவிட்டு, ஒரு தடவை ஐபிஎஸ்சி (நகர்ந்துகொண்டே வேகமாகச் சுடுகிற நடைமுறைத் துப்பாக்கிப் போட்டி) பாணிப் பயிற்சிக்குப் போனேன். அதில் வலது கை மட்டும், இடது கை மட்டும் என்று சுற்றுகள் வரும். நமக்குத்தான் ஒற்றைக் கை தண்ணீர் பட்ட பாடாச்சே என்று 9 எம்எம் பிஸ்டலை வாங்கி, பக்கவாட்டில் நின்று, கையை நீட்டி, பழக்கப்படி மென்மையாகப் பிடித்து, இடது கையை பாக்கெட்டில்கூட விட்டேன். முதல் குண்டு சரியாகப் போனது. இரண்டாவதில் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. எடுத்துச் சரிசெய்து மறுபடி சுட்டேன், மறுபடி அடைப்பு. பயிற்சியாளர் துப்பாக்கியை வாங்கி அதே குண்டுகளை ஒரு கையாலேயே தடதடவென்று சுட்டுக் காட்டிவிட்டு, "துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு, மணிக்கட்டுதான் தூங்குது" என்றார்.

விஷயம் இதுதான். ஏர் பிஸ்டலில் உதை (சுட்டதும் துப்பாக்கி பின்னால் தள்ளுவது) என்று சொல்ல எதுவும் இல்லை. 9 எம்எம்மில் மேல்பகுதி பின்னால் ஓடி, காலிக் கூட்டை எறிந்துவிட்டு அடுத்த குண்டை ஏற்ற வேண்டும், அதற்குக் கை கெட்டியாக எதிர்த்து நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் அந்த ஓட்டத்தைக் கையே விழுங்கிவிடும், குண்டு பாதியில் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, ஏர் பிஸ்டலில் ஒரு கிலோ துப்பாக்கிக்கு அரை கிலோ டிரிக்கர். சாதாரணமாக இடுப்பில் வைத்துக்கொள்கிற பிஸ்டலில் இது தலைகீழ், குண்டோடு சேர்த்தே ஒரு கிலோவுக்குள் இருக்கும், டிரிக்கரோ இரண்டு இரண்டரை கிலோ கேட்கும். துப்பாக்கியின் எடையைவிட அதிக பலத்தால் அதையே ஒரு விரலால் இழுக்கிறோம், அப்போதும் அது அசையக் கூடாது என்றால் மிச்ச நாலு விரலும் எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் நிலையே மாறுகிறது. சுடுகிற கைப் பக்கத்துக் கால் முன்னால் வரும், உடம்பு டார்கெட்டைப் பார்த்துத் திரும்பும், எடை முன்னங்கால் மேல் சாயும். முழங்கை பூட்டுப் போட்ட மாதிரி இல்லாமல் துளி மடங்கி இருக்கும். சும்மா இருக்கிற கை பாக்கெட்டுக்குப் போகாது, முஷ்டியாக இறுகி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இறுக்கம் தோள் முழுக்கப் பரவி சுடுகிற கைக்கும் பலம் கொடுக்கும், தவிர அந்தக் கை தவறிக்கூட துப்பாக்கி முனைக்கு முன்னால் போய்விடாது. துப்பாக்கியைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்ப்பவர்களும் உண்டு, மணிக்கட்டுக்கு அது இதமாக இருக்கும். கொஞ்சம்தான், சினிமாவில் படுக்க வைத்துச் சுடுவது போல இல்லை.

போட்டி, தற்காப்பு இரண்டுக்கும் பொதுவாக மிஞ்சுவது டிரிக்கர் விரல் ஒன்றுதான். அதை நேராகப் பின்னால் அழுத்தப் பழகியவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான், மற்றதெல்லாம் புதிதாகப் படிக்க வேண்டியதுதான்.

இடது கையைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம். ஹங்கேரியின் கரோலி டகாச் 1938இல் கையெறி குண்டு வெடித்து வலது கையில் மோசமாகக் காயம்பட்டார். அது சுடுகிற கை. யாருக்கும் சொல்லாமல் இடது கையில் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் (அதிவேகமாகச் சுடுகிற பிரிவு) தங்கம் வாங்கினார். எனக்கு ஒரு தடவை வலது கட்டைவிரல் முறிந்து, ஆறு வாரம் இடது கையால் சுட வேண்டி வந்தது. முதல் பத்து குண்டில் ஒன்றுகூடக் கறுப்பு வட்டத்துக்குள் விழவில்லை. கை நடுங்கியது ஒரு பக்கம், என் பலமான கண் வலது கண், இடது கையால் பிடித்தபோது தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் கால் வைக்கிற கோணத்தை மாற்றி, இன்னும் கொஞ்சம் டார்கெட்டைப் பார்த்தாற்போல நின்றதும்தான் சரியானது. ஆறு வாரத்தில் எனக்குக் கழுத்து வலி போனதே பெரிய சாதனை, டகாச் செய்ததை நினைத்தால் இப்போதும் பிரமிப்பாக இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரைக்கு நீங்கள் போட்ட படத்தில் ஒருவர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார், கையில் பிஸ்டல், விரல் டிரிக்கர் மேலேயே இருக்கிறது. எந்த ரேஞ்சிலாவது இப்படி நின்றால் அந்த நிமிடமே வெளியே அனுப்பிவிடுவார்கள். திருத்தம் போடும்போது அந்தப் படத்தையும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்