பிரஷர் பார்க்கும்போது கை எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சமூக மன்றங்களிலும் கோயில் மண்டபங்களிலும் நடக்கும் உடல்நலப் பரிசோதனைகளில் ரத்த அழுத்தம் பார்க்கும் மேசையில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. வரிசையில் நின்று கால் கடுத்தவர் முதுகு சாயாத நாற்காலியில் வந்து உட்கார்ந்ததுமே கையில் பட்டை ஏறிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் பேரப்பிள்ளைகளை விசாரிக்க, இவரும் பதில் சொல்ல, அட்டையில் 158/94 என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சிங்கப்பூரில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம் இருப்பதால் சோதனை அவசியம்தான். ஆனால் தவறாக எடுத்த எண் ஒருவரை வீணாகப் பயமுறுத்துகிறது, மருந்தையும் கூட்ட வைக்கிறது.

நாம் சும்மா இருக்கும்போது, இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் ரத்தத்தை, அதிலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனிக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். தள்ளும் நேரத்தில் தமனிச் சுவரில் ஏறும் உச்ச அழுத்தம் மேல் எண். இதயம் தளர்ந்து நிரம்பும்போது, விரிந்த மகாதமனி சுருங்கி ரத்தத்தைத் தொடர்ந்து ஓட்டுகிறது. அப்போது மிஞ்சும் அழுத்தம் கீழ் எண். வயதாக ஆக மகாதமனி விறைத்து, விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. அதனால் மேல் எண் ஏறும், கீழ் எண் இறங்கவும் செய்யும். “கீழே 70தானே, பயமில்லை” என்று 160/70 வைத்திருக்கும் மூத்தோர் சொல்வது சரியல்ல. பக்கவாத ஆபத்து அந்த 160இல்தான் இருக்கிறது.

ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் 1905இல் சொன்ன முறையில், பட்டையைத் தளர்த்தும்போது தமனியில் எழும் ஒலியை ஸ்டெதஸ்கோப்பில் கேட்பார்கள். வீட்டு மின்னியல் கருவி ஒலியைக் கேட்பதில்லை. தமனியின் துடிப்பு பட்டைக் காற்றில் உண்டாக்கும் அதிர்வைப் பிடித்து, அதிலிருந்து இரண்டு எண்களையும் கணக்கிடுகிறது. கையை அசைத்தாலோ விரலை மடக்கினாலோ அந்த அதிர்வு குழம்பிவிடும். இதயத்துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு எண் தாறுமாறாக வருவதும் இதனால்தான். திரையில் அதற்கான குறி அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அதிகம் பேர் தவறுவது கையின் உயரத்தில். புளோக்கின் மேல்தளத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கீழே இறங்க இறங்கக் குழாயில் அழுத்தம் கூடுவது போலத்தான் ரத்தமும். பட்டை இதயத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் சுமார் 8 மில்லிமீட்டர் பாதரசம் கூடுதலாகக் காட்டும். மேலே இருந்தால் அதே அளவு குறையும். சோபாவில் உட்கார்ந்து தாழ்வான டீபாயில் கை வைத்தால் இந்தப் பிழை நிச்சயம். சாப்பாட்டு மேசைதான் தோது. பட்டையின் நடுப்பகுதி நெஞ்செலும்பின் நடுமட்டத்துக்கு வர வேண்டும். உயரம் போதாவிட்டால் கைக்கு அடியில் தலையணை வையுங்கள். கையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்தால் தசை இறுகி எண் ஏறும். மணிக்கட்டுக் கருவியில் இந்தப் பிழை இன்னும் எளிதில் வரும். மேற்கைக் கருவியே வாங்குங்கள்.

அடுத்தது பட்டையின் அளவு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே டேப் வைத்துச் சுற்றளவைப் பாருங்கள். கருவியோடு வருவது பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரையிலான கைக்கு. அதைவிடப் பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால், தமனியை அமுக்கக் கூடுதல் காற்று தேவைப்பட்டு, இல்லாத பிரஷரைக் காட்டும். மேற்கைத் தமனி முழங்கை மடிப்புக்கு மேலே கையின் உள்பக்கமாக ஓடுகிறது. பட்டையின் கீழ்விளிம்பு மடிப்புக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். பட்டையிலுள்ள அடையாளம் அந்தத் தமனிமேல் வரட்டும். ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அது கயிறு கட்டியதுபோல் இறுக்கும். கையே இல்லாத உடுப்பு நல்லது.

பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு கோப்பி-ஓ, சிகரெட், வேக நடை எதுவும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் இருங்கள். டிவியையும் அணைத்துவிடுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். காலையில் மாத்திரைக்கும் பசியாறலுக்கும் முன், இரவில் படுக்கும் முன் என 7 நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். உயர் ரத்த அழுத்தத்துக்கான எல்லையாக, வீட்டில் 135/85 என்பது மருந்தகத்தில் (கிளினிக்கில்) பார்க்கும் 140/90க்குச் சமம். முதல் தடவை இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூடுதலோ அதிலேயே தொடருங்கள். டயாலிசிசுக்கு ரத்தக்குழாய் இணைத்த கையில் மட்டும் ஒருபோதும் பட்டை கட்டக்கூடாது.

எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால், வயிற்றுப் பக்கம் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலுள்ள அழுத்த உணரிகள் அதை உடனே அறிந்து, துடிப்பைக் கூட்டிக் குழாய்களைச் சுருக்கும். நீரிழிவு நெடுநாள் இருப்பவர்களுக்கும் மூத்தோருக்கும் இது தாமதமாகலாம். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், விடிகாலையில் கழிவறைக்குப் போகும்போது விழும் ஆபத்து உண்டு. தலைசுற்றல் உள்ளவர்கள் நின்றும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் ஏதேனும் இருந்தால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். அறிகுறி இல்லையென்றால் 5 நிமிடம் அமர்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். தானாக இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்வது ஆபத்து. அழுத்தம் திடீரென விழுந்தால் மூளைக்கு ரத்தம் போதாமல் போகும்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். காத்திருப்போர் உட்கார முதுகு சாயும் நாலைந்து நாற்காலிகள், ஒரு பெரிய அளவுப் பட்டை, ஒரு டேப் இவை பெரிய செலவல்ல. அட்டையில் எண்ணோடு எந்தக் கை, எத்தனை மணி, எத்தனையாவது முறை என்பதையும் எழுதிக் கொடுத்தால், பலதுறை மருந்தகத்தில் அதைப் பார்க்கும் மருத்துவருக்கு உதவும்.

ஓய்வுபெற்ற தாதி,
ஈசூன்