கடைசி எழுத்தையும் ரசீதில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி திறக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு டெஸ்க்டாப் வாங்க, கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்கு வரும் பெற்றோர் பலரிடமும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: "ரைசன் 5, 16 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி." கடைக்காரர் தரும் கொட்டேஷனிலும் பல நேரம் இதே வரிதான். ப்ராசஸர் பெயரின் கடைசி எழுத்து இரண்டிலுமே இருக்காது. அந்த எழுத்தில்தான் பணம் வீணாகிறது.

ஏஎம்டி நிறுவனத்தின் ப்ராசஸர்களான ரைசன் 5 5600, ரைசன் 5 5600ஜி இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட்; இரண்டும் 65 வாட்; உச்ச வேகம் இரண்டுக்கும் 4.4 கிகாஹெர்ட்ஸ். அடிப்படை வேகம் 5600க்கு 3.5, ஜி-க்கு 3.9. பெட்டியை மட்டும் பார்ப்பவர், ஜி-யில் வேகமும் கூடுதல், கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது என்று அதை எடுத்துவிடுவார். ஆனால் உள்ளிருக்கும் சில்லே வேறு. எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம், 5600-ல் 32 எம்பி, ஜி-யில் 16 எம்பி. கார்டையும் எஸ்எஸ்டியையும் ப்ராசஸரோடு இணைக்கும் பிசிஐஇ 5600-ல் 4.0, ஜி-யில் வேகம் குறைந்த 3.0. தனி கிராபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடும்போது கேஷ் குறைவது நன்றாகவே தெரியும். பிசிஐஇ வித்தியாசம் எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை அன்றாட வேலையில் தெரியாது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கு பிசிஐஇ லேன் (தரவு செல்லும் பாதை) மட்டுமே உள்ள மலிவு கிராபிக்ஸ் கார்டை ஜி-யுடன் சேர்த்தால் கார்டின் வேகம் கணிசமாக விழும். மலிவு விலை செட்டில் இந்த ஜோடிதான் எளிதில் அமைந்துவிடும்.

கார்டு வாங்கும் எண்ணமே இல்லாதவருக்கு ஜி-தான் சரி. கோடிங், ஆபீஸ் வேலை, ஆன்லைன் வகுப்பு, எளிய கேம்கள் எல்லாவற்றையும் அது தாங்கும். ஒரு நிபந்தனை உண்டு: அதன் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் பகிர்ந்துகொள்ளும். ஆகவே 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக, டிடிஆர்4 3200 வாங்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருக வேண்டும். பிறகு பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ரேம் பெரும்பாலும் 2133 அல்லது 2666-ல்தான் ஓடும். செட் போட்டுத் தருபவர்கள் அடிக்கடி விட்டுவிடும் வேலை இது.

கார்டு வாங்குவது உறுதி என்றால் 5600 எடுங்கள். ஆனால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லாததால் கார்டு வரும்வரை திரையில் படம் வராது. ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், போர்டின் எச்டிஎம்ஐயில் எதுவும் வராது. ப்ராசஸர் பழுது என்று எண்ணித் திரும்பக் கொண்டுவருவார்கள்; அல்லது யாரோ ஒரு பழைய கார்டைத் தலையில் கட்டிவிடுவார்கள். பழைய பயாஸ் உள்ள பி450 வகை மதர்போர்டிலும் இதே அறிகுறிதான்: அப்டேட் செய்யாதவரை 5000 வரிசை ப்ராசஸரை அது அடையாளமே காணாது. எனவே போர்டைக் கடையிலேயே அப்டேட் செய்து வாங்குங்கள்.

இன்டெலில் கதை வேறு. ஐ5-12400, 12400எஃப் இரண்டிலும் 6 கோர், 18 எம்பி கேஷ், 4.4 கிகாஹெர்ட்ஸ், எஃப்-இல் கிராபிக்ஸ் மட்டும் இல்லை. வேறு இழப்பு ஏதுமில்லை என்பதால் விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும். வித்தியாசம் சிறிது என்றால் எஃப் இல்லாததையே நான் பரிந்துரைப்பேன். கார்டு ஒருநாள் பழுதானால் அதைக் கழற்றிவிட்டு, மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகி வேலையைத் தொடரலாம். பழுது கார்டிலா வேறெங்குமா என்பதும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ரிச்சி தெரு வியாபாரிகளிடம் ஒரு வேண்டுகோள். கொட்டேஷனிலும் ஜிஎஸ்டி ரசீதிலும் ப்ராசஸரின் முழுப்பெயர், சீரியல் எண், பெட்டியா டிரேயா (பெட்டியில்லாமல் தனியாக விற்பதா) என்ற மூன்றையும் எழுதுங்கள். பெட்டியில் வரும் இந்த நான்கு ப்ராசஸர்களுக்கும் நிறுவனத்தின் 3 ஆண்டு வாரண்டியும் கூலரும் உண்டு. டிரேயில் வருவதற்குக் கூலர் கிடையாது, வாரண்டியும் விற்றவரின் பொறுப்புதான். விலை குறைவு என்று சொல்லும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும்.

வாங்குபவர்கள் கடையை விட்டுக் கிளம்புமுன் விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு. மேலே ப்ராசஸரின் பெயர், கீழே எல்3 கேஷ் அளவு. 5600 என்று சொல்லித் தந்ததில் 16 எம்பி என்று இருந்தால் அது ஜி-யாகவோ, ரைசன் 5 5500 ஆகவோ இருக்கும். 5500-ல் கேஷும் பாதி, பிசிஐஇயும் 3.0, கிராபிக்ஸும் இல்லை. அதை 5600 விலைக்கு வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை