கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஓவியர்

ஆசிரியருக்கு,

குரோஷிய ஓவியம் பற்றிய ஞாயிறு கட்டுரையில் இவான் ஜெனராலிச்சுக்கு (1914–1992) ஒரே வரிதான்: 'பயிற்சியற்ற விவசாயி'. ஹ்லெபினே கிராமத்து விவசாயிதான், மறுக்கவில்லை. ஆனால் 1930-இல் ஓவியர் க்ர்ஸ்டோ ஹெகெடுஷிச் கண்ணில் பட்டு, மறு ஆண்டே தலைநகர் ஜாக்ரெப்பில் 'ஸெம்ல்யா' (மண்) என்ற கலைஞர் குழுவோடு படங்களைக் காட்சிக்கு வைத்தவர்.

அவர் வரைந்தது கண்ணாடியின் பின்பக்கம். நாம் பார்ப்பதோ முன்பக்கத்திலிருந்து; அதனால் தீட்டும் வரிசை முழுவதும் தலைகீழ். சேவலின் கண்ணை முதலில் தீட்ட வேண்டும், வானம் கடைசியில். கண்ணில் பிசகினால் மேலே பூசி மறைக்க முடியாது. 1959-இல் வரைந்த 'மான்களின் திருமணம்' படத்தில் பவளம்போல் கிளைத்த மரங்களைப் பாருங்கள். இந்தக் கைக்கா 'பயிற்சி இல்லை' என்கிறீர்கள்? அடுத்த முறை அந்தப் படத்தையாவது வண்ணத்தில் அச்சிடுங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி