செயலாளர் ஆண்டறிக்கை – 2024

நம் ஃபுட்டி (ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து) கிளப்பின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்று வீட்டுக்குக் கிளம்பும் முன் அவரைப் பார்த்துவிடுங்கள். சீனியர் அணி இந்த முறையும் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. அதைப் பற்றிக் கேன்டீனில் பேசியதே போதும்.

மார்ச் மாதம் யோகோஹாமாவிலிருந்து மெல்பர்னுக்குப் படிக்க வந்த ஓர் இளைஞர் பயிற்சிக்கு வந்து நின்றார். ஊரில் ரக்பி ஆடியவர். "ஜப்பானில் ஃபுட்டியை யார் கண்டார்கள்?" என்று கமிட்டியில் கேட்டவன் நான்தான். அவர் ஊர் பேஸ்பால் மைதானத்திலேயே 1986இல் மெல்பர்ன் ஃபுட்டி அணிகளான கார்ல்டனும் ஹாதோர்னும் காட்சி ஆட்டம் ஆடியிருக்கின்றன. 2006இல் மிச்சிதோ சகாகி என்ற ஜப்பானியர், பருவம் தொடங்கும் முன் நடந்த ஓர் ஆட்டத்தில் எசன்டன் அணிக்காக இறங்கியிருக்கிறார். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ரக்பி ஆடியவருக்கு இது சுலபம் என்று நினைத்தோம். அதுதான் இல்லை. ரக்பியில் பந்தை முன்னால் இருப்பவருக்குக் கையால் கொடுக்கக் கூடாது. இங்கே எந்தப் பக்கமும் கொடுக்கலாம், ஆனால் எறியக் கூடாது, முஷ்டியால் குத்தித்தான் கொடுக்க வேண்டும். முதல் மாதம் முழுக்க அவர் எறிந்துகொண்டே இருந்தார், நடுவர் ஊதிக்கொண்டே இருந்தார். ஓடும்போது 15 மீட்டருக்கு ஒரு முறை பந்தைத் தரையில் தட்ட வேண்டும். கூர்முனைப் பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று அதற்கே தெரியாது. இதைவிடச் சிரமம், பந்துக்கு முன்னால் நின்று ஆடக் கூடாது என்ற ஆஃப்சைடு விதி இங்கே இல்லாதது. எதிராளி எப்போதும் எதிரேதான் வருவான் என்று பழகியவரை, முதுகுப் பக்கமிருந்து வந்து சாய்த்தார்கள்.

பயிற்சி இல்லாத நாட்களிலும் கிளப் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார். சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டிலிருந்து புகார் வந்தது. பதில் எழுதியிருக்கிறேன்.

மே மாதம் அவருக்கு நம் இரண்டாம் அணியான ரிசர்வ்ஸில் இடம் கிடைத்தது. ஆகஸ்ட் கடைசி ஆட்டத்தில், நாம் 40 புள்ளிக்கு மேல் பின்தங்கியிருந்தபோது, 30 மீட்டரிலிருந்து உதைத்தார். நடுக் கம்பங்களுக்கு இடையே போனது, 6 புள்ளி. கிளப்புக்காகத் தன் முதல் கோலை அடித்தவரை எல்லோரும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொள்வது வழக்கம்தானே? அன்று பெஞ்சில் இருந்தவர்களும் ஓடினார்கள். சூழ்ந்தவர்களைப் பார்த்து, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக அவர் பயந்துபோனார். இந்த வழக்கத்தை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை!

கோல் நடுவராகக் கொடி பிடிக்க இன்னும் இருவர் தேவை. பெற்றோர்கள் யாராவது முன்வந்தால் நல்லது.

அந்த யோகோஹாமா இளைஞர் டிசம்பரில் ஊர் திரும்புகிறார். நண்பர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று இரண்டு பழைய பந்துகளைக் கேட்டார். கமிட்டி ஒப்புக்கொண்டது. இருப்புப் பதிவேட்டில் இரண்டைக் கழித்துவிட்டேன், பொருளாளர் கவனிக்க.

இப்படிக்கு,
செயலாளர்